பாலைவனத்தில் காணாமல் போனவரும் வாட்ஸ்அப்பில் ஓடும் கதைகளும்

சவுதியிலோ குவைத்திலோ பாலைவனத்து வேலையில் இருந்த ஒருவரிடமிருந்து பேச்சு நின்றுபோனால், இரண்டே நாளில் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவருக்கு நான்கைந்து முடிவுகள் எழுதப்பட்டுவிடும். கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபு முதலாளி, அடித்துப் புதைத்துவிட்டான். போலீஸ் பிடித்துத் தர்ஹீலில் (நாடுகடத்தும் முன் அடைத்துவைக்கும் இடத்தில்) போட்டிருக்கிறது. ஆட்டுப்பட்டியை விட்டு ஓடி வேறு ஊரில் வேலை பார்க்கிறார். குடும்பமே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். இதற்கு நடுவில் ரியாத்திலிருந்து யாரோ ஒரு காக்கா (இந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) பேசிய வாய்ஸ் ஒன்று வரும்: "நான் விசாரிச்சுட்டேன், ஆள் உயிரோடதான் இருக்கார், இப்ப எதுவும் வெளிய சொல்ல முடியாது." தேவிப்பட்டினத்தில் கிளம்பிய வாய்ஸ் பனைக்குளம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று சுற்றிக் கடைசியில் காணாமல் போனவரின் மனைவி போனுக்கே வந்து சேரும். பேசிய காக்கா யார் என்று அதற்குள் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

இதையெல்லாம் வெட்டிப்பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. தலைமுறைகளாகச் சபராளிகளை, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்களை, நம்பி அடுப்பு எரியும் ஊர்கள் இவை. டிரைவர் வேலை, கடை வேலை என்று விசா வாங்கிப் போய் இறங்கியதும், பாலைவனத்தில் ஆடு, ஒட்டகம் மேய்க்கக் கொண்டுபோய் விடப்பட்டவர்களின் கதை எல்லாத் தெருவிலும் உண்டு. 2022 செப்டம்பரில், வேறு வேலை என்று நம்பிக் குவைத்துக்குப் போய் ஒட்டகம் மேய்க்க விடப்பட்ட திருவாரூர் மாவட்டத் தொழிலாளி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியைத் தமிழ்நாடே படித்தது. 2021 மார்ச்சில் சவுதி அரசு வேலை மாறவும் நாடு திரும்பவும் முதலாளியின் பிடியைத் தளர்த்தி ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தபோது, வீட்டு வேலைக்காரர்களோடு மேய்ப்பர்களும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆக, கஃபீல் மேல் சந்தேகம் விழுவது ஊராரின் கற்பனை மட்டுமல்ல. அந்தச் சந்தேகம் தேடுதலுக்கு உதவுகிறதா, தடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதே கரையில் இன்னொரு வகை ஊகம் காலம்காலமாக இருக்கிறது. கடலுக்குப் போன நாட்டுப்படகு திரும்பவில்லை என்றால் பாம்பனிலோ தொண்டியிலோ கூடி நிற்பவர்களும் ஊகம்தான் செய்கிறார்கள். எத்தனை மணிக்குப் போனார்கள், எவ்வளவு டீசல் இருந்தது, எந்தப் பக்கம் வலை விடுவதாகச் சொன்னார்கள், வாடைக்காற்றா சோழகமா, நீரோட்டம் வடக்கே இழுக்கிறதா தெற்கே இழுக்கிறதா, குடிதண்ணீர் எத்தனை கேன், இன்ஜின் முன்பே மக்கர் செய்ததா. அவ்வளவும் ஊகம். ஆனால் அதன் முடிவில், தேடப் போகிற படகு எந்தத் திசையில் போக வேண்டும் என்று ஒரு பதில் கிடைக்கிறது. இலங்கைக் கடற்படை பிடித்திருக்கும் என்று ஒருவர் சொல்வார். அது உண்மையா இல்லையா என்பது பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். அதே ஊர்க்காரர்கள் பாலைவனம் என்று வந்தால் மட்டும் டீசலையும் தண்ணீரையும் கேட்பதை விட்டுவிட்டு, யார் குற்றவாளி என்பதிலேயே தொடங்கிவிடுகிறார்கள். கடலைத் தெரியும், மணலைத் தெரியாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் போன். அதிகமான கதைகள் பிறப்பது அதிலிருந்துதான்.

"நேத்து ராத்திரி ரிங் போச்சு, யாரோ எடுத்துட்டு வச்சுட்டாங்க." "ரெண்டு டிக் விழுந்துச்சு, அப்ப போன் ஆன்லதான் இருக்கு." இவை இரண்டும்தான் உயிரோடு இருப்பதற்கான சாட்சிகளாகச் சுற்றும். வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் செய்தி அனுப்பப்பட்டது, இன்னும் போய்ச் சேரவில்லை. இரண்டு டிக் என்றால் அவருடைய போனுக்கோ அந்தக் கணக்கோடு இணைத்த வேறு கருவிக்கோ போய்ச் சேர்ந்தது. அறையில் விட்டுவந்த இன்னொரு போனிலோ டேப்லெட்டிலோ அவர் கணக்கு திறந்திருந்தால், அதில் சேர்ந்தாலும் இரண்டு டிக்தான். முதன்மை போன் அணைந்துபோனாலும் அப்படி இணைத்த கருவி 14 நாள் வரை தொடர்ந்து வேலை செய்யும். அந்த 14 நாளில் எத்தனை கதை கட்டலாம் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் சிம். கைவிடப்பட்ட எண்ணைக் கம்பெனிகள் சில மாதம் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகின்றன. ஆறேழு மாதம் கழித்து அந்த எண்ணில் ஒரு வேற்றுக் குரல் "ஹலோ" என்று சொன்னால், அது கடத்தியவனின் குரல் ஆகாது.

போன் திடீரென்று அணைந்தது சதிக்கு அத்தாட்சி என்பது இன்னொன்று. ஐபோனை 35 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலையில் பதிவாகி, உலக வானிலை அமைப்பு உறுதி செய்த வெப்பம் 53.9 டிகிரி. அதுவும் நிழலில் அளந்தது. வெயிலில் கிடக்கும் மணலும் வண்டியின் டேஷ்போர்டும் அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொதிக்கும். அந்தச் சூட்டில் போன் தானாகவே அணைந்துவிடும். அணைவதற்கு முன்னும், டவர் எட்டாத இடத்தில் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி காலியாகும். கடைசி லொகேஷன் என்று கிடைப்பதும் பல நேரம் ஆள் நின்ற இடத்தைக் காட்டாது. 2010 ஜூனில் கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவில் ஒருவர் காணாமல் போனபோது, மூன்றாம் நாள் அவருடைய போன் ஒரேயொரு முறை ஒரு டவரைத் தொட்டது. டவரிலிருந்து சுமார் 17 கி.மீ. தூரம் என்று கணக்கிட்டார்கள். அந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு வரைபடத்தில் வட்டம் போட்டு, தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் மலைமலையாக ஏறி இறங்கினார்கள். இணையத்தில் அவர் வேண்டுமென்றே மறைந்துவிட்டார் என்றும் எழுதினார்கள். 2022இல் அவருடைய எலும்புகள் அந்தப் பூங்காவுக்குள்ளேயே கிடைத்தன.

சரி, மணலுக்கு வருவோம். அரேபியாவின் ரப் அல் காலி பாலைவனம் சுமார் 6.5 லட்சம் சதுர கி.மீ., அதாவது ஐந்து தமிழ்நாடு. ஆனால் முழுப் பரப்பைச் சொல்லிப் பயமுறுத்துவதால் பயனில்லை. ஒருவர் ராத்திரி ஐந்து மணி நேரம் சாதாரணமாக நடந்தால் 20 கி.மீ. போவார். எந்தத் திசை என்று தெரியாதபோது தேட வேண்டிய வட்டம் 1,250 சதுர கி.மீ.க்கு மேல் ஆகிறது. 36 கி.மீ. தூரம் என்று வைத்தால் அந்த வட்டம் ஏறத்தாழ ராமநாதபுரம் மாவட்டம் முழுவதும். அதனால்தான் கடைசியாகப் பார்த்த இடமும் நேரமும் மற்ற எல்லாத் தகவலையும்விட விலை மதிப்பானவை. மூன்று மணி நேரம் தள்ளிச் சொன்னால் வட்டம் இரண்டரை மடங்கு ஆகிவிடும்.

நேராக நடந்திருப்பார் என்பதும் உறுதியில்லை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் துனிசியாவின் சகாராவில் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். சூரியனோ நிலாவோ தெரிந்தவரை கிட்டத்தட்ட நேராகப் போனார்கள். ராத்திரியில் நடந்த ஒருவர், நிலா மறைந்ததும் பல முறை திரும்பி, வந்த திசைக்கே நடந்தார். காலடித் தடம் சுற்றிச் சுற்றிப் போவதைப் பார்த்து "யாரோ துரத்தியிருக்கிறார்கள்" என்று கதை சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் தாகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எட்வர்ட் அடால்ஃப் என்ற உடலியல் ஆய்வாளர் படைவீரர்களைக் கொண்டு கலிபோர்னியப் பாலையில் கணக்கெடுத்தார். பகல் வெப்பம் 49 டிகிரியைத் தொடும் இடத்தில், நிழலில் அசையாமல் கிடந்தாலும், தண்ணீர் இல்லாமல் சுமார் இரண்டு நாள். நடந்தால் அதைவிடக் குறைவு. உலர்ந்த காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால், நம் கடற்கரைப் புழுக்கத்தில் சட்டை நனைவதுபோல் அங்கே நனையாது. எவ்வளவு நீர் போகிறது என்பது போகிறவருக்கே தெரியாது. உடலின் நீர் குறையக் குறைய முதலில் தடுமாறுவது புத்திதான். துணியைக் கழற்றிப் போட்டது, கையில் இருந்த பையை எறிந்தது, சாலையின் பக்கத்திலேயே அதைக் கடக்காமல் விழுந்து கிடந்தது என்று பின்னால் "மர்மம்" ஆகிற பல விஷயங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

2024 ஆகஸ்டில் ரப் அல் காலியில் தெலங்கானா இளைஞர் ஒருவரும் அவருடன் போன சூடான் நாட்டுத் தோழரும் இறந்தார்கள். வழி காட்டிய ஜிபிஎஸ் கைவிட்டது, எண்ணெய் தீர்ந்தது, போனில் சார்ஜ் போனது. நான்கு நாள் கழித்து வண்டியின் பக்கத்தில் முசல்லா (தொழுகை விரிப்பு) விரித்த நிலையில் உடல்கள் கிடைத்தன. வில்லன் யாரும் இல்லை. சின்னச் சின்னதாக மூன்று கோளாறுகள், ஒன்றின் மேல் ஒன்று.

ஊகம் எப்படித் தடம் புரளும், எப்படிச் சரியாகப் போகும் என்பதற்கு இரண்டு பழைய நிகழ்ச்சிகளைப் பார்ப்பது நல்லது. 1943 ஏப்ரலில் லிபியாவிலிருந்து இத்தாலிமேல் குண்டு போடக் கிளம்பிய 'லேடி பி குட்' என்ற அமெரிக்க விமானம் திரும்பவில்லை. மத்தியதரைக் கடலில் விழுந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1958இல் எண்ணெய் தேடப் போனவர்கள் கண்ணில் அது பட்டது. கடற்கரையிலிருந்து சுமார் 700 கி.மீ. உள்ளே, பாலைவனத்தில். இருட்டில் விமானதளத்தைத் தாண்டிப் பறந்துவிட்டு, எரிபொருள் தீரும் நேரத்தில் ஒன்பது பேரும் குதித்திருக்கிறார்கள். தாங்கள் கடலுக்குப் பக்கத்தில் இருப்பதாக நினைத்து வடக்கே நடந்தார்கள். உயிரோடு ஒன்றுசேர்ந்த எட்டுப் பேருக்கு அரைக் குடுவைத் தண்ணீர். அதை வைத்துக்கொண்டு மனிதன் இவ்வளவு தூரம் போக முடியாது என்று நிபுணர்கள் சொன்ன தூரத்தையும் தாண்டி, சுமார் 130 கி.மீ.க்கு அப்பால் ஐந்து பேர் கிடந்தார்கள். மற்ற மூவர் அதையும் தாண்டிப் போயிருந்தார்கள். நாட்குறிப்பு கிடைத்ததால் எட்டு நாள் நடந்தது தெரியவந்தது. கடல் என்று முடிவு செய்தது மட்டும் தவறு என்றில்லை, எங்கே நிற்கிறோம் என்று அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று அதற்கு நேர்மாறு. 1996 ஜூலையில் கலிபோர்னியாவின் டெத் வேலிக்குச் சுற்றுலா வந்த ஒரு ஜெர்மன் குடும்பம், இரண்டு சிறு பிள்ளைகளோடு, காணாமல் போனது. அக்டோபரில் அவர்களுடைய வாடகை வேன் டயர்கள் போன நிலையில் ஒரு பள்ளத்தாக்கில் கிடைத்தது. பெரிய தேடுதல் நடந்தும் ஆட்கள் கிடைக்கவில்லை. வேறு பெயரில் வேறு நாட்டுக்கு ஓடிவிட்டார்கள், ராணுவ ரகசியத்தைத் தேடி வந்தவர்கள், கொன்று புதைத்துவிட்டார்கள் என்று பதின்மூன்று வருடம் பேச்சு. கடைசியில் ஒரு மீட்புக்குழுத் தன்னார்வலர் வேறு மாதிரி யோசித்தார். பாலைவனம் தெரிந்த நான் எங்கே போவேன் என்பதை விட்டுவிட்டு, ஐரோப்பாவிலிருந்து வந்த, கையில் ஒரு வரைபடம் மட்டும் உள்ள தகப்பன் எங்கே போவான் என்று கேட்டார். வரைபடத்தில் தெற்கே ஒரு ராணுவத் தளத்தின் எல்லை இருந்தது. ஐரோப்பாவில் ராணுவத் தளம் என்றால் வேலி இருக்கும், காவலர் ரோந்து வருவார். அங்கே போனால் உதவி கிடைக்கும் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அங்கே வேலியும் இல்லை, ஆளும் இல்லை. 2009 நவம்பரில் அந்தத் தெற்குத் திசையில்தான் எலும்புகளும் அடையாள அட்டையும் கிடைத்தன. வருடக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத பக்கம் அது. கோடைவெயிலில் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள் என்று தேடியவர்கள் நம்பியிருந்தார்கள்.

நம் ஊர் மேய்ப்பர் ஒருவருக்கு இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் டேங்கர் எந்தப் பக்கத்திலிருந்து வரும்? ராத்திரியில் எந்தத் திசையில் விளக்கு தெரிகிறது என்று எப்போதாவது சொன்னாரா? தார்ச்சாலை எவ்வளவு தூரம் என்றார்? பக்கத்துப் பட்டியில் இருந்த வங்காளியோ சூடானியோ யார்? இவற்றுக்கான பதில் ரியாத்து காக்காவிடம் இல்லை. மனைவியின் போனில், பழைய வாய்ஸ்களிலும், இமோ செயலியில் வீடியோவில் பேசியபோது பிள்ளைக்குக் காட்டிய கூடாரத்தின் படத்திலும் இருக்கிறது. படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, பின்னால் டவர் தெரிகிறதா, டேங்கரின் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று பார்ப்பதும் ஊகம்தான். ஆனால் தேடுபவர் கையில் கொடுக்கக்கூடிய ஊகம். போன் நிறைந்துவிட்டது என்று அவற்றை அழித்துவிடாமல் இருந்தால் போதும்.

தேடுபவர்கள் அங்கே இல்லாமல் இல்லை. சவுதியில் 'இன்ஜாத்' போன்ற தன்னார்வ மீட்புக் குழுக்கள் நான்கு சக்கர வண்டிகளோடு பாலையில் இறங்குகின்றன. அல் முர்ரா பழங்குடியினர் தடம் பார்ப்பதில் பேர்போனவர்கள். மணலில் பதிந்த காலடியைப் பார்த்தே ஆளைப் பற்றிச் சொல்வார்கள் என்பதால் சவுதிப் போலீஸ் அவர்களை வேலைக்கே வைத்திருந்தது. ஆனால் யாரும் இறங்க வேண்டுமானால், ஒருவர் காணோம் என்று அங்கே புகார் பதிவாக வேண்டும். காற்று அடித்தால் தடம் ஒரு நாள்கூட நிற்காது. இங்கே மை போட்டுப் பார்த்து, குறி கேட்டு, குழுவில் விவாதித்து ஒரு வாரம் கழியும்போது அங்கே அந்தத் தடம் போயிருக்கும்.

புகார் ஏன் தாமதமாகிறது? பெரும்பாலும் ஹுரூப் பயம். வேலையாள் ஓடிவிட்டார் என்று முதலாளி பதிவு செய்தால், அவருடைய இக்காமா (அங்கே தங்குவதற்கான அனுமதி) செல்லாமல் போய், பிடிபட்டால் நாடுகடத்தல். "நாம புகார் கொடுத்து, அவர் உண்மையிலேயே ஓடிப்போயிருந்தா மாட்டிக்குவாரே" என்று குடும்பம் தயங்குகிறது. ஊர்ப்பேச்சு அந்தத் தயக்கத்தை இன்னும் ஊதிவிடுகிறது. இது தப்புக்கணக்கு. ஹுரூப் போடுவது முதலாளியின் கையில். தூதரகத்தில் குடும்பம் கொடுக்கும் மனுவால் அது விழுவதில்லை. பொறுப்பிலிருந்து தப்பிக்க முதலாளியே ஹுரூப் போட்டிருந்தால், காணாமல் போனவர் ஏட்டில் ஓடிப்போனவராக மாறிவிடுகிறார். ஓடிப்போனவரை யாரும் மணலில் தேடுவதில்லை. "எங்கோ வேறு பெயரில் நன்றாக இருக்கிறார்" என்ற ஆறுதல் கதை இங்கே முதலாளிக்குத்தான் உதவுகிறது. மற்ற எல்லாக் கதையையும்விட எனக்குக் கோபம் வருவது இதன்மேல்தான்.

மனு கொடுப்பது இன்று சிரமமான காரியம் இல்லை. 2015 முதல் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம் இருக்கிறது. சென்னையில் அயலகத் தமிழர் நலத்துக்கென்று ஆணையரகம் இருக்கிறது. பாஸ்போர்ட் நகல், இக்காமா எண், விசா நகல், கஃபீல் பெயரும் எண்ணும், ஏஜெண்டின் ரசீது, போன் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஐஎம்இஐ எண். இவற்றைத் திரட்டிக் கொடுத்தால், தூதரகம் முதலில் தர்ஹீல், சிறை, மருத்துவமனை, பிணவறை என்று விசாரிக்கும். இக்காமாவுக்காகக் கைரேகை எடுத்திருப்பார்கள் என்பதால், பெயர் தெரியாமல் கிடக்கும் ஒருவரை அதை வைத்து அடையாளம் காண முடியும். சில நேரம் "சிறையில் இருக்கிறார்" என்ற ஊகம் உண்மையாகவும் இருக்கும். வீட்டுக்குச் சொல்ல வழியில்லாமல் வாரக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் உண்டு. அதையும் இந்த வழியில்தான் உறுதி செய்ய முடியும். "உங்க ஆளை வெளிய எடுத்துடறேன், இவ்வளவு பணம் போடுங்க" என்று முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பில் முடியாது. குழுவில் குடும்பத்தின் எண்ணைப் போட்டுவிட்டால் அப்படியான அழைப்புகள் வரத் தொடங்கிவிடும்.

ஊகத்தின் முழுப் பாரமும் விழுவது மனைவிமேல். இறந்துவிட்டார் என்று ஒரு வாய்ஸ் வந்தால் கணவரை இழந்த முஸ்லிம் பெண் இருக்கும் காத்திருப்பான இத்தாவை நான்கு மாதம் பத்து நாள் இருக்க வேண்டுமா என்று ஒரு வீட்டில் கேட்பார்கள், தாலியைக் கழற்றுவதா என்று இன்னொரு வீட்டில். அடுத்த வாரம் உயிரோடு பார்த்ததாக இன்னொரு வாய்ஸ் வரும். சட்டம் இதில் வாட்ஸ்அப்பைவிட நிதானமாகப் போகிறது. இருந்தால் வழக்கமாகத் தகவல் வந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டு எந்தத் தகவலும் வரவில்லை என்றால், அவர் உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் பொறுப்பு, இருக்கிறார் என்று சொல்பவருக்கு மாறுகிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 108ஆவது பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 111. ஆனால் என்று இறந்தார் என்பதை அந்தப் பிரிவு சொல்வதில்லை. காணாமல் போன நாளே இறந்த நாள் என்று வைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் எல்ஐசி தொடர்பான ஒரு வழக்கில் தெளிவாகவே சொன்னது. அதனால் அவர் பேரில் பாலிசி இருந்தால், பிரீமியத்தை நிறுத்திவிட்டு ஏழு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் கிடைக்காமல் போகலாம். கட்டிக்கொண்டே வர வேண்டும்.

முஸ்லிம் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டின் திருமண முறிவுச் சட்டம் இன்னொரு வழி தருகிறது. கணவர் இருக்குமிடம் நான்கு ஆண்டாகத் தெரியவில்லை என்றால் நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்கலாம். தீர்ப்பு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் அது நடைமுறைக்கு வராது. அதற்குள் கணவர் நேரிலோ, தான் அனுப்பிய பிரதிநிதி மூலமாகவோ வந்து, குடும்பம் நடத்தத் தயார் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் தீர்ப்பு ரத்தாகும்.